தவசி இறங்கிப் போன வண்டி

வாலகுருபுரத்துக்கும் தொட்டியன்குளத்துக்கும் நடுவே காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருந்த ‘வெற்றிச்செல்வி’ பஸ்ஸை, ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ரயில்வே கேட் அடைத்துக் கிடந்த நேரத்தில், இன்ஜினைக்கூட அணைக்காமல் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சீட்டு முதுகில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டிரைவர் தவசி தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டை ஒட்டிய மக்காச்சோளக் காட்டுக்குள் நடந்து போனார். ஒன்றுக்கு ஒதுங்குகிறார் என்று ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனுசன் ஒதுங்கவில்லை, வரப்பில் ஏறினார், வாய்க்காலைத் தாண்டினார், சோளத்தட்டைக்கு நடுவே காக்கிச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. கோபமா என்றால் கோபமில்லை. முதலாளியோடு தகராறா என்றால் அதுவும் கிடையாது. காலையில் ஸ்டாண்டில் உளுந்தவடை தின்று டீ குடித்துவிட்டு வந்து ஏறிய மனுசன்தான். ஏனய்யா இறங்கினாய் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம், “எறங்கணும்போல இருந்துச்சு, எறங்கிட்டேன்” என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை, ஏனென்றால் அதற்கு மேல் அவருக்கே ஒன்றும் தெரியாது.

ரயில் போனது, கேட்டைத் தூக்கினார்கள், பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனைப் பிடித்து அழுத்தினான், கண்டக்டர் சகாயம் வழக்கம்போல் இரண்டு விசில் கொடுத்தான், வெற்றிச்செல்வியும் வழக்கம்போல் ஒரு குலுங்கு குலுங்கி, முதல் கியரில் முனகி, இரண்டாம் கியருக்கு மாறி, தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. இன்ஜின் பெட்டியை ஒட்டின முன்சீட்டில், மடியில் முட்டைத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்த முட்டைக்கார முத்துப்பிள்ளைதான் முதலில் பார்த்தாள். “ஏப்பா சகாயம், டிரைவரைக் காணோமே” என்றாள். “உள்ள போங்க, படியில நிக்காதீங்க, ஆலாம்பட்டி யாரு, தொட்டியன்குளம் யாரு” என்று டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே முன்னால் வந்த சகாயம், காலிச் சீட்டைப் பார்த்தான். ஸ்டியரிங் தன்பாட்டில் சுற்றி, வண்டி ஆலாம்பட்டி வளைவில் திரும்புவதையும் பார்த்தான். “காலைக் கொஞ்சம் மடக்கிக்கக்கா, ஆளு வரட்டும்” என்றான். எப்போதும் போய்ச் சேருகிற நேரத்துக்கு வண்டி தொட்டியன்குளம் போய்ச் சேர்ந்தது. ஆட்கள் இறங்கி அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள்.

முதலாளி ரத்தினசபாபதி சேதி கேட்டு அன்று மாலையே ஸ்டாண்டுக்கு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை உதைத்து, குனிந்து அடியில் பார்த்து, கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் பூசாரி வந்தார், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, ஸ்டியரிங்குக்குச் செவ்வந்தி மாலை விழுந்தது, சர்க்கரைப் பொங்கலை இலைத்துண்டில் வைத்து ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேருக்கும் கொடுத்தார்கள். வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் வந்து நடுரோட்டில் கையைக் காட்டினார். வெற்றிச்செல்வி மரியாதையாக ஓரங்கட்டி நின்றது. லைசென்ஸை எடு என்று சொல்வதற்காக ஜன்னலுக்குள் தலையை விட்ட மனுசன், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாலையையும் காலிச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அங்கே தட்டில் இருந்த விபூதியைப் பூசிக்கொண்டு, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்.

தவசி ஓட்டின மாதிரியே வண்டி ஓடியது என்பதுதான் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கருப்பசாமி கோயில் திருப்பத்தில் அவர் கொடுக்கிற இரண்டு ஹாரனை அதுவும் கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அவர் ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. ஆலாம்பட்டி தாண்டி நடுரோட்டில் கிடந்த பெரிய பள்ளத்தைப் பஞ்சாயத்தில் மூடித் தார் போட்டு ஒரு மழைக்காலமே போய்விட்டது, ஆனாலும் தவசி பழக்கத்தில் ஒடித்துத் திருப்பியதுபோல அதுவும் இல்லாத பள்ளத்துக்கு ஒடித்துத் திருப்பியது, ஆட்களும் பழக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கொஞ்ச நாள் டிரைவர் சீட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்புறம் யாரோ ஒருத்தர் கூச்சத்தோடு ஒரு வாழையிலைக் கட்டை அதில் வைத்தார், அதற்கப்புறம் பூசணிக்காய் வந்தது, அரிசிச் சாக்கு வந்தது, கல்யாண வீட்டு அண்டா வந்தது. தை பிறப்பதற்குள், இந்த வண்டிக்கு ஒரு காலத்தில் டிரைவர் இருந்தார் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிற அளவுக்கு எல்லாம் சரியாகிப் போனது.

இதெல்லாம் தவசிக்குக் காதுவழியாக வந்து சேர்ந்தது. அவர் வீட்டில் இருந்தார். காலையில் எழுந்தார், பல் விளக்கினார், மைத்துனன் மொக்கராசு கொண்டுவந்து வைக்கிற தூக்குச்சட்டியைத் திறந்து அதில் எது இருந்தாலும் தின்றார், உப்பு கூடுதலா குறைச்சலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலையை உதறிவிட்டு வந்தவன் முகத்தில் ஒரு நிம்மதியாவது இருக்க வேண்டும், இல்லை அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்கிற கவலையாவது இருக்க வேண்டும். அவர் முகத்தில் இரண்டும் இல்லை. திரும்பி வா என்று கூப்பிட யாராவது வருவார்கள் என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் அவர் எதிர்பார்த்திருக்கலாம். ஆட்கள் வரத்தான் செய்தார்கள், ஆனால் கூப்பிட வரவில்லை, ஆறுதல் சொல்ல வந்தார்கள். “வண்டி ஜம்முன்னு ஓடுது மச்சான், நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க” என்றான் மொக்கராசு. அப்படி அவன் சொன்ன ஒரு மத்தியானத்தில்தான், வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் நிறுத்தி, தவசி கேட்டார்.

“அப்ப அன்னைக்கும் ஓடியிருக்குமா மாப்ள?”

என்றைக்கு என்று மொக்கராசு கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

என்றைக்கு என்பதை நாம் சொல்லிவிட வேண்டும். அவர் இறங்கிப் போன ஐப்பசிக்கு முந்தின மாசி மாதம். தவசியின் பெண்டாட்டி ஒச்சம்மா வாலகுருபுரம் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு அவள், பேச்சுத்துணைக்கு ஒரு ரேடியோ. அன்று காலை அவள் எழுந்து உட்கார்ந்து இட்லியைப் பிட்டுத் தின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வண்டி எடுத்தார். பாதி வழியில், பாதை பிரிகிற மொட்டப்பாறை விலக்கு வரும்போது, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த மொக்கராசு சகாயத்துக்குப் போன் போட்டான். சகாயம் முன்னால் ஓடிவந்து போனைத் தவசியின் காதில் வைத்துப் பிடித்தான். “மச்சான், அக்காவுக்கு மூச்சு இழுக்குது. அவரை வரச் சொல்லு, அவரை வரச் சொல்லுங்குது, வேற பேச்சே இல்ல” என்று மொக்கராசு அலறியது முன்சீட்டுக்கெல்லாம் கேட்டது. அங்கேயே இறங்கி, டவுனைப் பார்த்துப் போகிற எந்த டூவீலரில் தொற்றியிருந்தாலும் அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் தவசி, தான் தொழில் பழக்கிவிட்ட அத்தனை டிரைவர்களுக்கும் ஒரு சட்டம் சொல்லி வைத்திருந்தார்: எடுத்த டிரிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் நடுவழியில் இறங்குகிறவன் டிரைவரே இல்லை, வீட்டில் இழவே விழுந்தாலும் டிரிப்பை முடி, அப்புறம் அழு. வண்டி நிறைய சந்தைக்குப் போகிற ஜனம். “டிரிப்ப முடிச்சிட்டு வாரேன்” என்றார். முடித்துவிட்டு வந்தார். அதற்குள் அவள் போய்விட்டாள். கண் வாசலைப் பார்த்தபடியே திறந்திருந்ததாம், மொக்கராசுதான் கையால் மூடியிருக்கிறான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. கேதம் கேட்க வந்த ஜனம் அழுவதற்கு முன்னால் தவசியின் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டியது. இப்படி ஒரு மனுசனா, இப்படி ஒரு கடமையா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கருமாதி முடிந்த கையோடு முதலாளி ஸ்டாண்டில் மைக் கட்டி, சால்வை போர்த்தி, தவசியை மாதிரி பத்துப் பேர் இருந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்று பேசினார், ஜனம் கைதட்டியது, தவசியும் கும்பிட்டார். அத்தனை பேர் மெச்சும்போது எப்படி அழுவது? அழுகை தொண்டை வரைக்கும் வந்து, நிற்க இடமில்லாமல், வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மறுநாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மாசி போய், சித்திரை போய், ஆடி போய், ஐப்பசி வரைக்கும் டிரிப் டிரிப்பாகப் போய் வந்தார், உள்ளே ஒன்றும் அசையவில்லை.

இப்போது இந்த வண்டி தானாக ஓடுகிறது என்கிறார்கள். தானாக ஓடாத வண்டியாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் செய்தது சரி. இத்தனை ஜனத்தை நடுரோட்டில் விட முடியாமல் ஒரு சாவைத் தவறவிட்டேன், விதி, என்று சொல்லி மிச்சக் காலத்தைத் தள்ளிவிடலாம். அன்றைக்கும் தானாக ஓடியிருக்கும் என்றால், ஒச்சம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே செத்தது எதற்காக? தவசிக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், வேலை வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

முதலில் முதலாளியிடம் போனார்.

“வா தவசி, வா. உக்காரு. காப்பி சாப்பிடுறியா?” என்று முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

“மொதலாளி, அன்னைக்கு மொட்டப்பாறையில நான் எறங்கியிருந்தா, வண்டி தானாப் போயிருக்குமா?”

“என்னப்பா பேச்சு இது? போயிருக்காது. நடுப் பொட்டல்ல நின்னு ஜனம் என்னைய மண்ணை வாரித் தூத்தியிருக்கும். நீ எறங்காததுனாலதான் இன்னைக்கும் என் வண்டிக்கு ஒரு பேரு இருக்கு.”

“இப்ப மட்டும் எப்பிடிப் போகுது?”

முதலாளி காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். அவருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஆனால் அது வேறு மாதிரிச் சந்தேகம். ஒரு வண்டி ஓடினால் மற்ற வண்டிகளும் ஓடாதா என்பது. மறுவாரமே தன்னுடைய இன்னொரு வண்டியின் டிரைவரை, நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, ஓடுகிற இன்ஜினோடு விட்டுவிட்டு இறங்கச் சொன்னார். அவன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு இறங்கினான். அந்த வண்டி பத்தடி போய், பூமாலையோடும் சந்தனப் பொட்டோடும் சாக்கடையில் இறங்கிப் படுத்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நின்றிருந்த தவசிக்கு நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இளகினதுபோல் இருந்தது. எல்லா வண்டியும் ஓடாது. அப்படியென்றால் அன்றைக்கு வெற்றிச்செல்வியும் ஓடியிருக்காது. அன்று ராத்திரி அவர் கொஞ்சம் தூங்கினார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. பெண்கள் நாலு பேர் சேர்ந்து உடுக்கடித்துக் குறி சொல்கிற கோடாங்கியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, தவசியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கோடாங்கி உடுக்கை அடித்து, மூச்சு வாங்கி, கண்ணைச் செருகி, “வண்டிக்குள்ள ஒரு பொம்பள இருக்கா. மஞ்சச் சேலை. புருசன் பாரத்தை அவ வாங்கிக்கிட்டா. ஓட்டுறது அவதான்” என்றான். பெண்கள் குலவை போட்டார்கள்.

“அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது” என்றார் தவசி.

“செத்தவுகளுக்கு எல்லாம் தெரியும்ணே” என்றாள் முத்துப்பிள்ளை.

“அவளுக்கு வண்டியே ஆகாது. டீசல் வாடைக்கு வாந்தி எடுப்பா.”

கோடாங்கி உடுக்கைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டான். அப்படியும் ஊர் அந்தப் பேச்சை விடவில்லை. மஞ்சள் சேலை ஒன்று வாங்கி டிரைவர் சீட்டின்மேல் போர்த்தினார்கள், கல்யாணம் தள்ளிப்போன பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து ஸ்டியரிங்கில் வளையல் கட்டினார்கள், வளையல் குலுங்கக் குலுங்க வெற்றிச்செல்வி போய்வந்தது. அதைக் கேட்டபோது தவசிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நாமே போய்ப் பார்த்துவிடலாம் என்று மட்டும் தோன்றியது.

அதனால் மாசி பிறந்ததும் அவர் வண்டியில் ஏற ஆரம்பித்தார். பயணியாகத்தான். டிக்கெட் வேண்டாம் என்று சகாயம் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, தன் பழக்கத்தையெல்லாம் தன் கண்ணாலேயே பார்த்தார். கிளட்ச் அமுங்கியது, பிரேக் அமுங்கியது, இல்லாத பள்ளத்துக்கு வண்டி ஒடித்தது. ஆட்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள், நீங்கள் விட்டதும் நல்லதாகப் போயிற்று, உடம்புக்கு ஓய்வு வேண்டாமா என்றார்கள். அவர் தலையை ஆட்டினார். இப்படியே அவர் டவுனுக்கும் தொட்டியன்குளத்துக்குமாகப் போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து, பார்த்தும் பார்க்காத மாதிரி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சகாயத்துக்கு ஒரு கட்டத்தில் தாங்கவில்லை. காலை டிரிப்புக்கு முன்னால் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு டீ சொல்லி, ஒன்றை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, எதுக்கு இப்பிடி வண்டிக்குள்ளயே கெடக்குறீங்க?”

“அன்னைக்கு நான் எறங்கியிருந்தா வண்டி போயிருக்குமான்னு பாக்குறேன்.”

சகாயம் டீயைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். “அதை என்கிட்டக் கேட்டிருக்கலாம்லண்ணே” என்றான்.

“நீ என்னத்தக் கண்ட?”

“போனை ஒங்க காதுல வச்சுப் பிடிச்சவன் நான். நான் பாக்காம யாரு பாத்தா? டிரிப்ப முடிச்சிட்டு வாரேன்னு சொல்லும்போது ஒங்க ரெண்டு கையும் மடியில விழுந்துச்சுண்ணே. விழுந்த கை அப்பறம் ஸ்டியரிங்குக்குப் போகவே இல்ல.”

“பொய் சொல்லாத.”

“மாதா சத்தியமா. கைய மடியில போட்டுக்கிட்டு, நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஸ்டியரிங் அதுபாட்டுக்குத் திரும்புச்சு. மொட்டப்பாறையில இருந்து தொட்டியன்குளம் வரைக்கும் வண்டி தானாத்தான் போச்சு. அன்னைக்கு மட்டும் இல்ல. ஐப்பசி வரைக்கும் நீங்க ஓட்டவே இல்லண்ணே. ஏறுவீங்க, உக்காருவீங்க, எறங்குவீங்க.”

“எறங்குன அன்னைக்கு, கேட்ல பிரேக்கைப் போட்டது நான்தான?”

“இல்லண்ணே.”

தவசி தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன. டீ சுடுகிறதா ஆறிவிட்டதா என்று தெரியவில்லை.

“ஏன்டா யாரும் சொல்லல?”

“எல்லாருக்கும் தெரியும்ணே. முன்சீட்டுல உக்காருற அத்தனை பேருக்கும் தெரியும்.” சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்துச்சு, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டோம்.”

நேரமானது, வண்டி தானாக இன்ஜினைக் கிளப்பியது, சகாயம் ஓடிப்போய் விசிலை வாயில் வைத்தான், தவசியும் எழுந்துபோய் ஏறி வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார். சந்தை நாள், உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும் கோழிகளும் கூடைகளுமாக வண்டி பிதுங்கியது. ரயில்வே கேட் திறந்தே கிடந்தது. ஆலாம்பட்டி வந்தது, இல்லாத பள்ளம் வந்தது, ஆட்கள் கம்பியைப் பிடித்து விட்டார்கள். தவசி ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். வேலையைத் தன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, போய்யா, நீ போய் அவளைப் பார், இந்த ஜனத்தை நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று, வாயில்லாத இந்த இரும்புக்குத் தோன்றியிருக்கிறது. ஆறறிவு படைத்த நாமோ, கையை மடியில் போட்டுக்கொண்டு, நாம் ஓட்டாத ஒரு வண்டியை ஓட்டுவதாக நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

மொட்டப்பாறை விலக்கு ஒரு பொட்டல். அங்கே ஏறவும் ஆள் கிடையாது, இறங்கவும் ஆள் கிடையாது, வண்டி அங்கே நின்றதே இல்லை. விலக்குக் கல் கண்ணில் பட்டதும் தவசி எழுந்தார். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆயுசு முழுக்க அடுத்தவர்கள் சொல்லித் தான் கேட்ட சொல்லைச் சொன்னார்.

“எறக்கம்.”

சகாயம் அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு விசில் கொடுத்தான். வண்டி ஓரங்கட்டி நின்றது. ஆட்கள் கூடையை நகர்த்தி, கோழியைத் தூக்கி வழிவிட, தவசி முன்படி வழியாக இறங்கி, ரோட்டைக் குறுக்கே கடந்து, டவுனைப் பார்த்துப் போகிற பக்கத்தில் போய் நின்றார். சகாயம் இரண்டு விசில் கொடுத்தான். வண்டி நகரவில்லை. மறுபடியும் இரண்டு விசில் கொடுத்தான். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஸ்டியரிங்கில் வளையல்கள் அதிர்ந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்த நேரத்துக்கு ஒரு டூவீலர் டவுனைப் பார்த்து வந்தது. தவசி கையைக் காட்டினார். உரமூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வந்த அந்த மனுசன் காலை ஊன்றி நிறுத்தினான்.

“எங்கண்ணே போகணும்?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஏறுங்க. யாருக்கு முடியல?”

“எம் பொண்டாட்டிக்கு” என்றார் தவசி. “என்னைய வரச் சொன்னா.”

சொன்ன வாய் மூடவில்லை. முதலில் வந்தது அழுகை மாதிரியே இல்லை, தொண்டையில் எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். டூவீலர்க்காரன் பயந்துபோய் வண்டியை ஸ்டாண்டு போட்டான். அப்புறம் மனுசன் ரோட்டோரத்துச் செம்மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்து, துண்டு பற்றாமல் அதையும் எறிந்துவிட்டு, “ஒச்சம்மா, என்னைய வரச் சொன்னியே, நான் வரலையே, சும்மா உக்காந்திருந்தேனே” என்று மண்ணை அறைந்து அறைந்து அழுதார். ஒரு வருசத்து அழுகை. வண்டியின் இந்தப் பக்கத்து ஜன்னல்களெல்லாம் தலைகளாக நிறைந்தன. இன்ஜின் தானாக அணைந்தது.

பின்சீட்டிலிருந்து ஒருத்தன், “ஏம்ப்பா, சந்தைக்கு நேரமாச்சு, வண்டியை எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டான்.

முத்துப்பிள்ளை திரும்பினாள். “எவன்டா அவன்? அன்னைக்கும் இதே வண்டியிலதான இருந்தோம் அம்புட்டுப் பேரும்? அந்தப் பய போன்ல அலறுனது எனக்குக் கேட்டுச்சு, ஒனக்கும் கேட்டிருக்கும். எறங்கிப் போய்யா, நாங்க எப்பிடியும் போய்க்கிருவோம்னு சொல்ல ஒரு நாதி இருந்துச்சா இந்த வண்டியில? நானும் முட்டை ஒடைஞ்சிரக் கூடாதுன்னு மடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான உக்காந்திருந்தேன். நேரமாச்சுன்னா நடந்து போ. வண்டி நிக்கும். அந்த மனுசன் அழுது முடிக்கிற வரைக்கும் நிக்கும்.”

சொல்லிவிட்டு, முட்டைத் தட்டுகளை யார் மடியில் வைத்தாள் என்றுகூடப் பார்க்காமல் வைத்துவிட்டு, இறங்கி ரோட்டைக் கடந்து போய், தவசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, “ஏ ஒச்சம்மா, எந்தாயி” என்று அவளும் அழ ஆரம்பித்தாள். சகாயம் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான். அப்புறம் பெண்கள் இறங்கினார்கள், அப்புறம் ஆண்கள் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக இறங்கினார்கள், போன மாசியில் அந்த வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டு வந்த அதே ஜனம், இப்போது பாராட்ட ஒன்றுமில்லாமல், கேத வீட்டில் உட்காருகிற மாதிரி, பெண்கள் அவரைச் சுற்றியும் ஆண்கள் கொஞ்சம் தள்ளியுமாக அந்தப் பொட்டல் வெயிலில் உட்கார்ந்தது. டூவீலர்க்காரனும் உட்கார்ந்தான். சந்தைக்கு நேரமாச்சு என்று கேட்டவன் வண்டிக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்துவிட்டு, கடைசியில் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்தான்.